இணையத்தில் அறிவு இலவசம்: ஏழைப் பிள்ளைக்கு அது எட்டுகிறதா?

2024 மார்ச் 4, ஒரு வாசகரின் கேள்வி

"கலைக்களஞ்சியம் இலவசமாகக் கிடைக்கிறது. கணிதப் பாடக் காணொளிகள் இலவசம். பாடநூல்களைக்கூடக் காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு பெரிய நூலகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் வாய்த்தது, இன்று கைபேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் வாய்த்திருக்கிறது. இதற்குப் பிறகும் ஏழைப் பிள்ளைகளுக்கு அறிவு எட்டவில்லை என்று சொல்வது பழைய பழக்கமாகவே எனக்குப் படுகிறது. இனி வேண்டியது ஆர்வம் மட்டும்தானே?"

மார்ச் 4, இரவு

ஆர்வம் இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால், ஒரு பிள்ளை ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து படிப்பதற்கு என்னென்ன கூடிவர வேண்டும் என்று பார்த்துவிடலாம். வீட்டில் ஒரு கருவி இருக்க வேண்டும்; அது அந்த நேரத்தில் அவள் கையில் இருக்க வேண்டும்; அதில் சார்ஜும் டேட்டாவும் மிச்சமிருக்க வேண்டும்; திறந்த பக்கம் அவளுக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும்; அதைப் படித்துப் பொருள்கொள்ளும் அளவுக்கு அவளுக்கு வாசிப்பு வந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் அவளைப் பொறுத்தவரை இல்லாததுதான்.

யுனிசெஃப் அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லை. பணக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளில் 58 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. மிக ஏழைக் குடும்பங்களில் 16 விழுக்காட்டினருக்கே இருந்தது. இந்த இடைவெளியை ஆர்வக் குறைவு என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மார்ச் 5, காலை

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். வீட்டில் இணைப்பு இல்லாவிட்டாலும் கைபேசி இருக்கிறதே, அது போதாதா என்கிறார்.

நான் பல ஆண்டுகளாக மாலை நேரப் படிப்பகம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தருகிறேன். அங்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒரு கைபேசி இருக்கிறது. ஆனால் அது வேலைக்குப் போகும் பெரியவரோடு காலையில் வெளியே போய்விடுகிறது. அவருக்கு வேலை வருவதே அந்தக் கைபேசி வழியாகத்தான் என்பதால் அதை வீட்டில் விட்டுச்செல்லும்படி கேட்க முடியாது. இரவில் அது திரும்பி வரும்போது சார்ஜ் தீர்ந்திருக்கும். உடன்பிறந்தவர்கள் இருவர் மூவர் அதற்காகக் காத்திருப்பார்கள். அந்த வரிசையில் பெண்பிள்ளைக்குக் கடைசி இடம் கிடைப்பதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அவள் கைக்கு வரும் நேரத்தில் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும். மறுநாள் "பார்த்தாயா?" என்று நான் கேட்டால் தலைகுனிவாள். ஆர்வமில்லாத பிள்ளை என்று ஒரு ஆசிரியர் குறித்துவைப்பது இந்தத் தலைகுனிவைத்தான்.

மார்ச் 5, மாலை

டேட்டாவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. படங்கள் நீக்கிய ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். பத்து நிமிடப் பாடக் காணொளியோ சாதாரணத் தரத்திலேயே பல பத்து மெகாபைட் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஓடும் விளம்பரத்துக்கும் அந்தக் குடும்பம்தான் டேட்டா கொடுக்கிறது. ஒரே பாடத்தை எழுத்தாகப் படிப்பதற்கும் காணொளியாகப் பார்ப்பதற்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வரலாம். எல்லாப் பாடங்களையும் காணொளியாக மாற்றிவிட்டால் ஏழைப் பிள்ளைகளுக்கு எளிதாகிவிடும் என்று திட்டமிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அகண்ட அலைவரிசைக்கான (பிராட்பேண்ட்) ஐ.நா. ஆணையம், அடிப்படை இணையச் சேவையின் மாதக் கட்டணம் நாட்டின் தலா மாத வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், 2025க்குள் அந்த நிலையை எட்ட வேண்டும் என்றும் 2018இல் இலக்கு வைத்தது. நல்ல இலக்குதான். ஆனால் அது சராசரி வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு. சராசரியில் பத்தில் ஒரு பங்கு சம்பாதிக்கும் வீட்டில் அதே கட்டணம் 20 விழுக்காடு ஆகிவிடுகிறது.

மார்ச் 7

பிள்ளைகளே இதைக் கேட்டார்களா, நாம்தான் அவர்களுக்காகக் கற்பனை செய்துகொள்கிறோமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கேட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனை அடுத்த ஜோ ஸ்லோவோ பார்க் என்ற ஏழைக் குடியிருப்பில் சினென்ஜோங்கோ உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் மாணவர்கள் 2012இல் நாட்டின் கைபேசி நிறுவனங்களுக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார்கள். தங்கள் பள்ளியில் நூலகம் இல்லை. பொது நூலகத்துக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். அங்கும் ஓரிரு கணினிகளுக்கு வரிசையில் நிற்க வேண்டும். தங்களில் பெரும்பாலோரிடம் கைபேசி இருந்தாலும் டேட்டாவுக்குப் பணமில்லை. எனவே விக்கிப்பீடியாவை மட்டுமாவது கட்டணமில்லாமல் திறக்கவிடுங்கள் என்று கேட்டார்கள். 2014இல் ஒரு நிறுவனம் அந்த வேண்டுகோளை ஏற்றது.

அந்த மடலில் என்னைத் தொட்டது அவர்கள் கேட்ட பொருள். பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடி, பாட்டையோ விளையாட்டையோ விட்டு, ஒரு கலைக்களஞ்சியத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஆர்வம் எங்கே என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 8

"அப்படியானால் வழி எளிதுதானே, எல்லா நிறுவனங்களும் கல்வித் தளங்களுக்கு டேட்டா கழிக்காமல் விட்டுவிடலாமே" என்று உடனே ஒரு மறுமொழி வந்திருக்கிறது. இந்த வழியை உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2012இல் தொடங்கிய 'விக்கிப்பீடியா ஜீரோ' திட்டம் 72 நாடுகளில் 97 நிறுவனங்களோடு நடந்தது. 80 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வழியாகக் கட்டணமின்றிப் படிக்க முடிந்தது. 2018இல் அதை முடித்துக்கொண்டார்கள். நிறுவனங்களின் அக்கறை 2016க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அறக்கட்டளையே சொன்னது. நிறுவனத்தின் தயவில் திறந்த கதவை அந்த நிறுவனமே மூடிக்கொள்ளலாம்; அதற்குப் பிள்ளைகளின் சம்மதம் தேவைப்படுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் திறக்கவிடும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' சேவையை ஃபேஸ்புக் பல நாடுகளில் கொண்டுவந்தபோது, எந்தத் தளம் இலவசம், எது கட்டணம் என்பதை ஒரு தனியார் நிறுவனம் முடிவுசெய்யும் நிலை வந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் இப்படித் தளத்துக்குத் தளம் வேறுபடும் டேட்டாக் கட்டணத்தையே தடைசெய்தது. அந்த முடிவு சரி என்று அன்று வாதாடியவர்களில் நானும் ஒருவன்; இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன். ஆயினும் சினென்ஜோங்கோ பிள்ளைகளின் மடலைப் படித்தபின் அந்த வாதத்தை எளிதாகச் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. முழு இணையத்துக்கும் சமமான வாயில் வேண்டும் என்று நாம் கோருகிறோம். அது கிடைக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு என்ன தருகிறோம் என்பதையும் நாமே சொல்லியாக வேண்டும்.

மார்ச் 9

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கோலாவில் விக்கிப்பீடியா போன்ற ஓரிரு தளங்கள் மட்டும் கட்டணமின்றிக் கிடைத்தபோது, மக்கள் திரைப்படங்களையும் பாடல்களையும் விக்கிமீடியாவின் படக் களஞ்சியத்தில் ஏற்றி, அங்கிருந்து பகிர்ந்துகொண்டார்கள். களஞ்சியத்தைப் பராமரித்தவர்களுக்கு அது பெரும் தொல்லையாயிற்று. அந்த மக்களைப் பழிக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு சன்னலைத் திறந்துவைத்தால் வீட்டுக்குத் தேவையான எல்லாவற்றையும் அந்தச் சன்னல் வழியாகத்தான் இழுப்பார்கள்.

மார்ச் 12

பிள்ளைக்கு என்ன தருவது என்ற கேள்வியில் நின்றிருந்தேன். நான் சொல்ல வந்தது இதுதான்: இணையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோக முடியாத இடங்களில், பிள்ளையிடம் அறிவை எடுத்துச்செல்ல முடியும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, ஏனென்றால் அனுமதி முன்பே எழுத்தில் தரப்பட்டுவிட்டது.

கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தன் முதல் உரிமங்களை 2002இல் வெளியிட்டது. விக்கிப்பீடியா 2009இல் அந்த உரிமங்களில் ஒன்றுக்கு மாறியது. அதன்படி யார் வேண்டுமானாலும் கட்டுரைகளைப் படியெடுக்கலாம், பகிரலாம், மாற்றலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதை அதே உரிமத்தில் விட வேண்டும். காசு வாங்காமல் காட்டுவது வேறு, படியெடுத்துக் கொடுக்க விடுவது வேறு. ஒரு காணொளித் தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் பாடத்தை, அதை உருவாக்கியவர் அனுமதிக்காதவரை, நான் மெமரி கார்டில் ஏற்றி ஒரு பிள்ளையிடம் கொடுக்க முடியாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவள் இணையத்துக்கு வந்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும் டேட்டா கொடுத்தாக வேண்டும். திறந்த உரிமத்தில் உள்ள பாடமானால், இணைப்புள்ள ஒருவர் ஒரு தடவை தரவிறக்கினால் போதும். இணைப்பில்லாத நூறு பேர் அதை வாழ்நாள் முழுவதும் படிக்கலாம்.

2007இல் தொடங்கிய 'கிவிக்ஸ்' என்ற மென்பொருள் இதற்காகவே உருவானது. ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும் படங்களோடு ஏறத்தாழ 100 ஜிகாபைட்டில், ஒரு மெமரி கார்டுக்குள் அடங்கிவிடுகிறது. சிறிய மொழிகளின் விக்கிப்பீடியாக்கள் சாதாரணக் கைபேசியிலேயே கொள்ளும். இலவசப் பாடக் காணொளிகள் தரும் கான் அகாடமியின் பாடங்களை இணைப்பின்றிப் படிக்க 2012இல் சில மாணவர்கள் 'கே.ஏ. லைட்' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதன் தொடர்ச்சியே இன்று பல நாடுகளில் புழங்கும் 'கோலிப்ரி'.

மார்ச் 13

நடைமுறையில் எப்படி என்று மூவர் கேட்டிருப்பதால் சுருக்கமாக. உள்ளங்கை அளவுள்ள, ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினியில் இந்தக் கோப்புகளை ஏற்றிவிட்டால், அது தானே ஒரு வைஃபை ஹாட்ஸ்பாட்டாக இயங்கும். அதில் சிம் இல்லை, வெளி இணைப்பு இல்லை. வகுப்பறையில் இருக்கும் பழைய கைபேசி எதுவாயினும் அந்த வைஃபையில் சேர்ந்து, உலாவியில் ஒரு முகவரியைத் தட்டினால் கலைக்களஞ்சியமும் பாடங்களும் கதைகளும் திறக்கும். யாருக்கும் டேட்டா கழியாது. கைபேசி சார்ஜரைப் போன்ற ஒன்றும், மின்சாரம் போகும் இடமானால் ஒரு பவர் பேங்கும் போதும். 'ரேச்சல்' என்ற பெயரில் இப்படி உள்ளடக்கத்தைத் தொகுத்துத் தருகிறார்கள். 'இன்டர்நெட் இன் எ பாக்ஸ்' என்ற திட்டமும் இதே வேலையைச் செய்கிறது. எங்கள் படிப்பகத்திலும் இப்படி ஒன்றை வைத்திருக்கிறோம்.

கெடுவது பெரும்பாலும் மெமரி கார்டுதான். நிறுத்தும் முறைப்படி நிறுத்தாமல் மின்சாரத்தைப் பிடுங்கினால் கார்டு பழுதாகும். அதன் படி ஒன்றை இன்னொரு கார்டில் எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.

மார்ச் 17

இப்போது என் கருத்துக்கு எதிரான மிக வலுவான சான்றை நானே எடுத்துவைக்கிறேன், ஏனெனில் அதைத் தாண்டாமல் மேலே போவது நேர்மையாகாது.

'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கத்தின் கீழ் பெரு நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை மாணவர்களுக்குக் கொடுத்தது. அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அதன் பயனை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். மாணவர் ஒருவருக்கு 0.12 ஆக இருந்த கணினிகளின் விகிதம் 1.18 ஆக உயர்ந்தது. ஆனால் ஏறக்குறைய 15 மாதங்களுக்குப் பிறகும் கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் கூடவில்லை. அந்தப் பள்ளிகளில் இணையம் ஏறத்தாழ இல்லை. ஆனால் ஒவ்வொரு மடிக்கணினியிலும் 200 மின்னூல்கள் ஏற்றப்பட்டிருந்தன. வீட்டில் ஐந்து புத்தகங்களுக்கு மேல் இல்லாத பிள்ளைகளே அங்கு மிகுதி. அப்படிப்பட்ட பிள்ளைகளின் கையில் 200 புத்தகங்கள் வந்து சேர்ந்தும் வாசிப்புப் பழக்கம் மாறவில்லை.

படியெடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தை இந்தச் செய்தி நேராகத் தாக்குகிறது. மார்ச் 12 குறிப்பில் நான் எழுதியது தேவையானது; ஆனால் அதோடு நிற்க முடியாது.

மார்ச் 18

பெரு ஆய்வைப் படித்த நண்பர் ஒருவர், பொது அறிவுத்திறன் சோதனைகளில் அந்தப் பிள்ளைகள் சற்று முன்னேறினார்கள் என்பதை நான் விட்டுவிட்டதாகச் சுட்டியிருக்கிறார். ஆம், அதுவும் அந்த ஆய்வில் இருக்கிறது, சேர்த்தே படிக்கவும். கருவி பயனற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டெல்லியில் 1999இல் சுகதா மித்ரா சுவரில் பதித்த கணினியை இன்னொருவர் நினைவூட்டியிருக்கிறார். யாரும் சொல்லித்தராமலே தெருப் பிள்ளைகள் அதை இயக்கக் கற்றுக்கொண்டது உண்மை, வியப்புக்குரியதும்கூட. ஆனால் பின்னாளில் அங்கே போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், பிள்ளைகளின் நேரம் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டுகளிலும் போனதையும், அவர்களுடைய மொழியில் உள்ளடக்கம் இல்லாததையும் பதிவுசெய்தார்கள். இயக்கக் கற்றல் ஒன்று. அதன் வழியே பின்னங்களைக் கற்றல் இன்னொன்று.

மார்ச் 19

எங்கள் படிப்பகத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். மார்ச் 13 குறிப்பில் சொன்ன அந்தச் சிறு கணினிப் பெட்டியை வைத்த தொடக்க நாட்களில் பிள்ளைகள் விலங்குகளின் படங்களையும் கால்பந்து வீரர்களைப் பற்றிய கட்டுரைகளையும் பார்த்தார்கள், அதில் தவறில்லை. பாடத்தின் பக்கம் அவர்கள் தாமாகத் திரும்பியது அரிது. மாற்றம் வந்தது நாங்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கிய பிறகுதான். அன்றைய வகுப்பில் விடை கிடைக்காத கேள்வியை ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுத வேண்டும்; எல்லோரும் தேட வேண்டும்; கண்டுபிடித்ததைத் தம் சொற்களில் உரக்கச் சொல்ல வேண்டும். "குளத்தின் மேல்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன் எப்படிப் பிழைக்கிறது?" என்று ஒருத்தி எழுதினாள். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது, அதனால் அந்த நீர் அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கிறது என்பதை அவர்களே தேடிப் பிடித்து, தேர்வில் வராத அந்த விஷயத்தைப் பற்றி வீட்டுக்குப் போகும் நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியில் அந்தக் கட்டுரை முதல் நாளிலிருந்தே இருந்தது. கேட்பதற்கு ஓர் இடமும், கேட்டதைப் பொருட்படுத்தப் பெரியவர் ஒருவரும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெரியவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையோடு சேர்ந்து தேடும் பொறுமை இருந்தால் போதும். நிதி ஒதுக்குகிறவர்கள் கருவிக்கு ஒதுக்குகிறார்கள், இந்தப் பெரியவருக்கு ஒதுக்குவதில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

மார்ச் 24

மொழியைப் பற்றி. ஆங்கில விக்கிப்பீடியாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. தன்னார்வலர்களின் உழைப்பு அது, எனக்கு அதில் பெருமை உண்டு. உலகின் பல மொழிகளுக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஏழைப் பிள்ளை பெரும்பாலும் தாய்மொழி ஒன்றை மட்டுமே அறிந்த பிள்ளை. ஆகவே இலவச அறிவின் பெரும்பகுதி அவளுக்கு அயல்மொழியில் பூட்டப்பட்டிருக்கிறது.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது நடை. கலைக்களஞ்சியக் கட்டுரைகள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒளிச்சேர்க்கை பற்றிய கட்டுரையின் முதல் பத்தியிலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளை திணறிவிடுகிறாள்.

அதற்கும் கீழே இன்னும் ஒரு படி இருக்கிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் 70 விழுக்காட்டினர் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாத நிலையில் இருக்கலாம் என்று உலக வங்கியும் யுனிசெஃப், யுனெஸ்கோ உள்ளிட்ட அமைப்புகளும் 2022இல் மதிப்பிட்டன. இந்தப் பிள்ளைக்குக் கலைக்களஞ்சியத்துக்கு முன்பு கதை வேண்டும். 2015இல் பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்ட படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' ஆப்பிரிக்க மொழிகளுக்கு அதே தொண்டைச் செய்கிறது. நான்கு வரிக் கதையை அச்சிட்டு மடித்துக் கையில் கொடுத்தால் அதற்குச் சார்ஜும் வேண்டாம்.

மார்ச் 30

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஏப்ரலில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி மூடியிருந்தது. பாடங்கள் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் மாறின. குறைந்தது 46 கோடியே 30 லட்சம் பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவுமே எட்டவில்லை என்று யுனிசெஃப் அந்த ஆகஸ்டில் சொன்னது. எங்கள் பிள்ளைகளில் சிலர் அந்தத் தொகையில் அடங்குவார்கள். பள்ளி திறந்தபோது திரும்பி வராதவர்களின் பெயர்களை என்னால் இன்றும் சொல்ல முடியும்.

அந்த ஆண்டில் போட்ஸ்வானாவில் நடந்த ஒரு சோதனையை எல்லாக் கல்வி அதிகாரிகளும் படிக்க வேண்டும். 4,500க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியில் கணக்குகள் அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதோடு ஓர் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்துச் சுமார் 20 நிமிடம் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசினார். பேச்சும் செய்தியும் சேர்ந்து சென்ற வீடுகளில் பிள்ளைகளின் கணக்கறிவு தெளிவாக உயர்ந்தது. செய்தி மட்டும் சென்ற வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய நாடுகளில் தொலைபேசி வழிப் பயிற்சியைச் சோதித்தபோதும் பயன் தெரிந்தது. இதற்கு ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை. மார்ச் 19 குறிப்பில் சொன்ன அந்தப் பெரியவர் இங்கே தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார்.

ஏப்ரல் 2

சிறு குறிப்பு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. ஏழ்மையும் பார்வையின்மையும் சேரும் இடத்தில், பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து வைத்த பாடநூல் கோப்பு ஒரு வெற்றுத் தாளுக்குச் சமம். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அதில் ஒரு சொல்லையும் படிக்காது. நூல்களை அவர்களுக்கேற்ற வடிவில் மாற்றவும் நாடுவிட்டு நாடு பகிரவும் இடம்தரும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2016இல் நடைமுறைக்கு வந்தது. பாடநூலைக் கோப்பாக வெளியிடுகிறவர்கள் படமாக இல்லாமல் எழுத்தாகவே வெளியிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஏப்ரல் 7

என்னை உறங்கவிடாத மறுப்பு ஒன்று வந்திருக்கிறது. "பணக்காரப் பிள்ளைக்கு முழு இணையம், ஏழைப் பிள்ளைக்குப் பெட்டியில் அடைத்த பழைய படி. இதைத் தீர்வென்று நீங்கள் கொண்டாடினால், இணைப்புத் தர வேண்டிய அரசுகள் நிம்மதியாக ஒதுங்கிக்கொள்ளாதா?" என்று ஓர் ஆசிரியை கேட்கிறார்.

நியாயமான அச்சம். பெட்டியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளை கட்டுரையைப் படிக்கலாம், ஆனால் திருத்த முடியாது. தன் ஊரைப் பற்றி எழுத முடியாது. தொலைவில் உள்ள ஒருவரிடம் ஐயம் கேட்க முடியாது. அறிவைப் பெறுவது மட்டும் அவளுக்கு, அதை ஆக்குவது பிறருக்கு என்று ஆகிவிடும். பள்ளிகள் அனைத்தையும் இணையத்தோடு இணைக்க யுனிசெஃபும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் தொடங்கிய 'கிகா' முயற்சி போன்றவை தொடர வேண்டும், விரைவுபட வேண்டும். உருகுவே 2007இல் தொடங்கிய திட்டத்தில் மடிக்கணினியோடு பள்ளிகளுக்கு இணைப்பையும் தந்து, இரண்டே ஆண்டுகளில் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவரையும் எட்டியது. சிறிய நாடு என்றாலும் முடியும் என்று அது காட்டியிருக்கிறது.

ஆனால் ஆசிரியைக்கு ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. 2023இல் உலகில் 260 கோடி மக்கள் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஓராண்டுதான் எட்டாம் வகுப்பு. இணைப்பு வரும்வரை அவளைக் காத்திருக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பெட்டியை வைக்கிறவர்களே இணைப்புக்கான மனுவிலும் கையெழுத்திட வேண்டும் என்பது உங்கள் மறுப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. எங்கள் படிப்பகத்தில் அந்த மனுவை எழுதத் தொடங்கிவிட்டோம்.

ஏப்ரல் 10

நம் கையில் உள்ள கோரிக்கைகளில் மிகக் குறைந்த செலவுள்ளது எது என்று கேட்டால், நான் உரிமத்தைத்தான் சொல்வேன். மக்களின் வரிப்பணத்தில் எழுதப்படும் பாடநூல்களைப் பல அரசுகள் இணையத்தில் ஏற்றிவைக்கின்றன. ஆனால் முதல் பக்கத்தில் எல்லா உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை என்று அச்சாகியிருக்கிறது. ஓர் ஆசிரியர் அதிலிருந்து ஒரு பாடத்தை எளிய நடையில் மாற்றியெழுதிப் பகிரவோ, பழங்குடி மொழியில் பெயர்த்து அச்சிடவோ சட்டப்படி வழியில்லை. யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள் 2019 நவம்பரில் திறந்த கல்வி வளங்கள் குறித்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. பொதுப்பணத்தில் உருவாகும் கல்வி வளங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட ஊக்குவிக்கும்படி அது சொல்கிறது. நாடுகள் ஏற்ற பரிந்துரையைத்தான் நாம் அவற்றுக்கு நினைவூட்டுகிறோம். தென்னாப்பிரிக்காவில் சியாவுலா என்ற கல்வி நிறுவனத்தின் கணித, அறிவியல் பாடநூல்கள் திறந்த உரிமத்தில் வெளிவந்து, அரசே அவற்றை அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

ஏப்ரல் 11

காணொளி எடுக்கும் ஆசிரியர்கள் கேட்டதற்கு: யூடியூபில் ஏற்றும்போது உரிமம் என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதோடு மூலக் கோப்பையும் தரவிறக்கக்கூடிய ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள். நீங்கள் பேசியதையே எழுத்தாக ஒரு பக்கத்தில் சேர்த்துவிட்டால், டேட்டா இல்லாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் அது உதவும். பெட்டி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் அதை எடுத்துக்கொள்கிறோம். எடுத்த செய்தியை உங்களுக்குத் தெரிவிக்கிறோம்.